வண்டி அவர்களுடையது, தண்ணீர் எங்களுடையது

ஜீவராணி அக்கா வீட்டைப் பூட்டிய கையோடு படியிறங்க மாட்டார். மறுபடி திறந்து உள்ளே போவார். அடுப்புச் சாம்பலில் கையை வைத்துப் பார்ப்பார். சுவரோரம் குனிந்து வயர் எல்லாம் கழற்றியிருக்கிறதா என்று பார்ப்பார். அதன்பிறகு பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, லிந்துலை பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்.

அவர் வீடு ஐந்தாவது காம்பரா, என்னுடையது ஆறாவது. ஈச்சங்கலைத் தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கில் எங்கள் லயம் ஒரே வரிசையாக எட்டுக் காம்பரா. வீட்டுக்கு வீடு சுவர் உண்டு, கூரை மட்டும் ஒன்று. முதல் வீட்டில் ஈர விறகு எரித்தால் எட்டாவது வீட்டில் கண் எரியும்.

அக்கா பிறந்தது வட்டவளைப் பக்கம். சின்ன வயதில் அவர் குடியிருந்த லயம் எரிந்துபோனது. அதன்பின், வேலைக்குப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் பல குடும்பங்கள் சேலையைக் கட்டித் தடுப்புப் போட்டு வருடக்கணக்கில் இருந்தார்கள். அங்கிருந்துதான் கல்யாணம் முடித்து இங்கே வந்தார். புருஷன் கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் வேலை, தீபாவளிக்கும் சித்திரைக்கும் வருவார். ஒரே மகள் லோஜினி, பள்ளிக்கூடம் போகிறாள். அந்தத் தீயைப் பற்றி அக்கா நெருப்பின் உயரத்தையோ புகையையோ சொன்னதில்லை. ஆட்கள் நின்ற விதத்தைத்தான் சொல்வார்.

"யாருமே அடிக்கல தங்கச்சி. எல்லாரும் அடுத்தவங்க மொகத்தப் பாத்துக்கிட்டே நின்னாங்க."

அடிப்பது என்றால் கூரையை. லயம் எரிந்தால் எங்கள் ஆட்கள் எரிகிற வீட்டை விட்டுவிடுவார்கள். சில வீடு தள்ளி, இன்னும் தீ வராத ஒரு வீட்டின் கூரையைப் பிரித்து, தகரம், மரம், பரணில் கிடக்கிற விறகு எல்லாவற்றையும் இழுத்து வெளியே போடுவார்கள். தீ அதுவரை வந்து, தாண்ட வழியில்லாமல் நிற்கும். ஆனால் எந்த வீடு என்று யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். அந்த வீட்டுக்காரரே முதல் அடி அடிக்க வேண்டும். வேறொருவர் கை வைத்துவிட்டால், பிறகு தீ தானாக அணைந்திருக்கும் என்றும், நல்லா இருந்த வீட்டை உடைத்தவன் இவன் என்றும் பேச்சு கிளம்பும். அந்தப் பேச்சு பிள்ளைகள் காலத்திலும் தீராது. சம்பந்தம் பேசும் இடத்தில்கூட வந்து நிற்கும். அதனால் எல்லாரும் காத்துக்கொண்டிருப்பார்கள். தீ காத்திருக்காது.

அக்காவுக்குப் பிரதேச சபை உப அலுவலகத்தில் கூட்டிப் பெருக்கித் தேத்தண்ணி ஊற்றும் வேலை. முன்பெல்லாம் தோட்டத்துக்குள் சபை எதையும் செய்ய முடியாது. எங்கள் லயம் கம்பெனிக்குரியது, சபையின் வேலை தார் ரோட்டோடு முடிந்துவிடும். பிறகு சட்டம் மாறியது, பெரிய சபையும் இரண்டாகப் பிரிந்தது. பிரித்தபோது தீயணைப்பு வண்டி ஆற்றுக்கு அந்தப் பக்கத்துச் சபைக்குப் போய்விட்டது. எங்கள் பக்கத்துக்குக் கிடைத்தது தண்ணீர் ஏற்றிப் போகிற பவுசர் லாரி. இரண்டு வருடமாக யாரும் அதைப்பற்றிக் கவலைப்படவில்லை. வட்டகொடைப் பக்கம் ஒரு லயம் எரிந்த பிறகுதான் இரண்டு சபையும் உட்கார்ந்து பேசி ஓர் ஒப்பந்தம் செய்தன. வண்டியும் ஆட்களும் அவர்களுடையது. தண்ணீர் எங்களுடையது. டீசலும் சம்பளமும் பாதிப் பாதி.

அன்று அக்கா வேலையிலிருந்து வந்து பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. என் வீட்டு இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், உட்கார்ந்து சொன்னார்.

"கையெழுத்து போட்டுட்டாங்க தங்கச்சி. இனிமே போன் அடிச்சா வண்டி வரும். நம்ம லயத்துக்குள்ளயும் வரும்."

"நீங்களும் ஏதாவது கேட்டீங்களாக்கா?"

"நான் எங்க கேக்குறது. கப்பெல்லாம் எடுக்கப் போகைல செயலாளர் மேடத்துக்கிட்ட மெதுவா கேட்டேன். அந்த வண்டியில தண்ணி தீந்து போனா என்னங்க செய்யிறதுன்னு. அது சின்ன டாங்கிதான், கொஞ்ச நேரத்துக்குத்தான் வரும், அதுக்குத்தானே நம்ம பவுசர் பின்னால போகுதுன்னாங்க."

அன்றிலிருந்து பூட்டைத் திறந்து பார்ப்பது கொஞ்சம் குறைந்தது. லயத்தில் அவருக்குப் பெயர்கூட வைத்துவிட்டார்கள். எட்டாவது காம்பரா அழகன் அண்ணன் தொழிற்சாலையில் வேலை செய்பவர், கோயில் கமிட்டியிலும் இருப்பவர், வாய் சும்மா இருக்காது. அக்கா தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போகும்போதெல்லாம் ஏதாவது சொல்வார்.

"என்னா பயர் மேடம், பீடி பத்த வைக்கலாமா? இல்ல சபையில கேட்டுத்தான் பத்தணுமா?"

"பத்த வைங்க. குச்சிய மட்டும் எங்கிட்ட காட்டிட்டுப் போடுங்க," என்பார் அக்கா. சிரிப்பார்கள். அந்த நாட்களில் அக்காவும் சேர்ந்து சிரித்தார்.

இந்த வருடம் மாசியிலும் மழை இல்லை, பங்குனியிலும் இல்லை. தேயிலைக் கொழுந்து கருகி நின்றது. பீலியில் நூலாகத்தான் தண்ணீர் வந்தது. மேல்கணக்கு மாரியம்மன் கோயில் திருவிழா வந்துவிட்டது, கோயில் கிணறோ காய்ந்து கிடந்தது. ஆயிரம் பேருக்குச் சமைக்க வேண்டும். அழகன் அண்ணன்தான் கமிட்டி ஆட்களோடு சபைக்குப் போய் பவுசரைக் கேட்டார். சபையில் யார் இல்லை என்று சொல்வார்கள்? எல்லாரும் அந்தக் கோயிலில் காப்புக் கட்டுகிறவர்கள்தான்.

பவுசர் சபை யார்டை விட்டுக் கிளம்பியபோது அக்கா வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார். டிரைவர் பாஹிமிடம் எப்போது திரும்பும் என்று கேட்டிருக்கிறார்.

"திருவிழா முடிஞ்சாத்தான் அக்கா. கோயில் டாங்கிக்கு ஊத்திட்டு அங்கேயே நிக்கணுமாம். அந்த ரோட்ல இத ஏத்தி எறக்குறதுன்னா எனக்கு உசுரு போயிரும்."

"அப்ப இங்க?"

"இங்க என்ன?"

அக்கா விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தார். செயலாளர் மேடத்தின் அறை வாசல்வரை போய், நின்று, திரும்பி வந்துவிட்டார். அன்று மாலை பீலியடியில் என்னிடம் மட்டும் சொன்னார். சொல்லும்போது வாளி நிரம்பி வழிந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை. தண்ணீரைச் சிந்துகிற ஆள் அல்ல அவர்.

"பவுசரு இல்லாம அந்த வண்டி வந்து என்னா செய்யும் தங்கச்சி?"

"மேடத்துக்குத் தெரியாமலா அனுப்பியிருப்பாங்க?"

"அதத்தான் நானும் நெனைக்கிறேன். ஆனா மனசு கேக்க மாட்டேங்குது."

"அழகன் அண்ணங்கிட்ட சொல்லுவமா?"

"என்னான்னு சொல்றது? அம்மனுக்குத் தண்ணி கொண்டு போகாதீங்கன்னா? காப்புக் கட்டின நாள்ல அந்த வார்த்த என் வாயிலருந்து வரலாமா?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. சொன்ன பிறகு ஏதாவது நடந்தால், அது அவர் வாயால் வந்ததாகிவிடும். பேசாமல் இருந்துவிட்டோம்.

அந்த நாட்களில் அக்கா தூங்கவே இல்லை. வீட்டில் இருக்கிற குண்டா, சட்டி, லோஜினி குளிக்கிற பேசின் எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து வைத்தார். காரணம் சொல்லாமல் வீடு வீடாகப் போய் வயரைக் கழற்றுங்கள், விளக்கைக் கவனியுங்கள் என்று கெஞ்சினார். முதல் காம்பரா சர்மிளா எரிச்சல்பட்டாள். அவள் வீட்டில் ஒரே வயரில் பிரிட்ஜும் ரைஸ்குக்கரும் போனும் தொங்கும்.

"அக்கா, ஒங்களுக்குப் பயம்னா ஒங்க வீட்ல இருட்டுல இருங்க. எங்க வீட்டுக் கரண்ட ஏன் எண்ணிக்கிட்டு நிக்கிறீங்க?"

அக்கா திரும்பினார். வரும் வழியில் அந்த வீட்டுக் கூரைக்குள் வயர் போகிற ஓட்டையை நின்று பார்த்தார். நானும் பார்த்தேன். கறுத்திருந்தது. அடுப்புப் புகைக் கறுப்புத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

திருவிழா அன்று மத்தியானம் லயத்தில் ஆளில்லை. எல்லாரும் மேல்கணக்குக்கு அன்னதானத்துக்குப் போயிருந்தார்கள். அக்கா போகவில்லை. அக்கா போகாததால் நானும் போகவில்லை. லோஜினிக்குப் புதுச் சட்டை போட்டுவிட்டு, பக்கத்து வீட்டாரோடும் அனுப்பாமல் இஸ்தோப்பிலேயே உட்கார வைத்திருந்தார். அவள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். மேலே கோயில் ஸ்பீக்கர் பாடிக்கொண்டிருந்தது. மலையிடுக்கிலிருந்து காய்ந்த காற்று லயத்தின் நீளத்துக்கு அடித்தது.

முதலில் வாசனைதான் வந்தது. பிளாஸ்டிக் உருகுகிற வாசனை. அக்கா எழுந்து நின்றுவிட்டார். சர்மிளா வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கியது, கதவுக்கு மேலே தகர இடுக்கில் வெள்ளையாகப் புகை கசிந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மஞ்சளாகியது.

"உள்ள யாரும் இல்லதானே? தங்கச்சி, உள்ள யாரும் இல்லதானே?" அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு இதையே கேட்டார். சர்மிளாவும் பிள்ளையும் கோயிலுக்குப் போனதை இரண்டு பேரும் பார்த்திருந்தோம். இருந்தும் நான் கதவைத் தட்டிப் பார்த்தேன். பலகை சுட்டது.

அழகன் அண்ணன் பெரிய கரண்டி எடுக்க வீட்டுக்கு வந்திருந்தார். கூட இரண்டு இளந்தாரிகள். அவர்கள்தான் போன் அடித்தார்கள். கொஞ்ச நேரத்தில் புகையைப் பார்த்து மேல்கணக்கிலிருந்து ஆட்கள் ஓடிவரத் தொடங்கினார்கள். பாட்டு நின்றுவிட்டது. இரண்டாம் காம்பராவுக்குள் தீ போகும்போது வாசலில் முப்பது நாற்பது பேர் நின்றிருப்பார்கள். நாங்கள் பிடித்து வைத்திருந்த தண்ணீரை எல்லாம் ஊற்றினோம். அது எரிகிற தகரத்தில் பட்டுச் சத்தம் போட்டதோடு சரி.

போனைக் காதிலிருந்து எடுத்து அழகன் அண்ணன் கையை உயர்த்தினார்.

"வண்டி கெளம்பிருச்சாம். ஆத்துப் பாலத்துக்கிட்ட வந்துருச்சாம். யாரும் கூரையில ஏற வேணாம். சாமான மட்டும் வெளிய எடுங்க."

எல்லார் முகமும் தெளிந்ததை நான் பார்த்தேன். கூரை அடிக்கக் கத்தியும் கோடாலியும் கொண்டு வந்தவர்கள் அவற்றைக் கீழே வைத்தார்கள். மூன்றாம் வீட்டுக்காரர் துணி மூட்டையை இறக்கி வைத்து, முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், "அதான் ரெண்டு சபையும் கையெழுத்து போட்டிருக்காங்கள்ல," என்றார்.

நான் அக்காவைத் தேடினேன். அவர் தன் வீட்டு இஸ்தோப்பில், கூரையைப் பார்த்தபடி நின்றார். லோஜினி அவர் சேலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மூன்றாம் காம்பராவின் கூரையில் புகை வரத் தொடங்கியிருந்தது. அடுத்து நாலு, அதற்கடுத்து அவருடையது, அதற்கடுத்து என்னுடையது. அவர் என்ன நினைக்கிறார் என்று எனக்குத் தெரியும். அங்கே நின்ற அத்தனை பேரிலும் அது எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஆண்கள் நிற்கிற இடத்தில் நான் வாய் திறந்ததே கிடையாது.

அக்கா கூட்டத்துக்குள் போனார்.

"அண்ணே, அந்த வண்டியில தண்ணி கொஞ்சந்தான் இருக்கும்."

அழகன் அண்ணன் திரும்பினார். "என்னா?"

"சின்ன டாங்கி அண்ணே. வண்டி அவங்களது. மிச்சத் தண்ணி நம்ம பவுசர்லருந்துதான் வரணும். அப்படித்தான் பேசியிருக்காங்க."

"அதுக்கென்னா, பவுசருக்கும் அடிப்போம்," என்று போனை எடுத்தவர், அப்படியே நின்றார். அந்தப் பவுசர் எங்கே நிற்கிறது, அதில் என்ன மிச்சம் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? காலையில் கடைசிச் சொட்டுவரை அண்டாக்களுக்குத் திறந்துவிட்டவர் அவர்தான். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

"அது காலி, தங்கச்சி," என்றார் மெதுவாக.

பிறகு ஒவ்வொருவராக மற்றவர் முகத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். நாலாம் வீட்டுக்காரர் தன் கூரையைப் பார்த்தார், அது நேரம் கடந்த வீடு, புகை வந்துவிட்டது. ஏழாம் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். ஐந்தாம் வீட்டை ஒருவரும் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்காகவே எல்லாரும் கழுத்தைத் திருப்பி வைத்திருந்தார்கள்.

அக்கா குனிந்து கீழே கிடந்த கோடாலியை எடுத்தார். இஸ்தோப்பின் அரைச்சுவரில் ஏறி நின்று, கூரை விளிம்பில் அடித்தார். முதல் அடியில் தகரம் நெளிந்தது. இரண்டாவதில் ஆணி தெறித்தது. அதற்குமேல் அவருக்குக் கை தூக்க முடியவில்லை.

"அடிங்கண்ணே," என்றார். "சீக்கிரம் அடிங்க."

ஆண்கள் ஏறினார்கள். நானும் வேறு இரண்டு பெண்களும் உள்ளே நுழைந்து கையில் கிடைத்ததை இழுத்தோம். மெத்தை, அரிசி வாளி, லோஜினியின் புத்தகப் பை, சாமிப் படம். தலைக்கு மேல் தகரங்கள் கழன்று விழ விழ வீட்டுக்குள் வெளிச்சம் வந்தது. அந்த வீட்டை நான் அவ்வளவு வெளிச்சத்தில் பார்த்ததே இல்லை. அலமாரியை நகர்த்த முடியவில்லை. கூரை வளைமரம் அதன்மேல் விழுந்து கண்ணாடி நொறுங்கியது. விறகையும் மரத்தையும் தேயிலைக்குள் இழுத்து எறிந்தார்கள். நாலாம் வீட்டுச் சுவர் மறுபக்கத்தில் வெடித்துக்கொண்டிருந்தது.

வண்டி அப்போதுதான் வந்தது. அந்த ஆட்கள் ஓடி ஓடித்தான் வேலை செய்தார்கள், அதைச் சொல்ல வேண்டும். குழாயிலிருந்து பெரிதாகத் தண்ணீர் பாய்ந்தது. மூன்றாம் வீடு கறுத்து அடங்கியது. நாலாம் வீட்டின் பக்கம் திருப்பினார்கள். பாதியில் குழாய் மெலிந்து, சொட்டி, நின்றது.

"வத்துர இவரய்," என்று வண்டிக்காரர் சிங்களத்தில் கத்தினார். தண்ணீர் முடிந்ததாம். பிறகு எங்களைப் பார்த்து, பவுசர் எங்கே என்று கேட்டார்.

நாலாம் வீடு எரிந்து முடியும்வரை எல்லாரும் அந்த இடைவெளியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றோம். ஈரச் சாக்கோடு ஆண்கள் சுவர்மேல் உட்கார்ந்திருந்தார்கள். பொறி பறந்து வந்து கூரையில்லாத வீட்டுக்குள் விழும். அடிப்பார்கள். மறுபடி விழும். ஒரு தடவை என் கூரைவரை வந்துவிட்டது. பொழுது சாயும்போது காற்று ஓய்ந்தது. தீ அக்காவின் வீட்டைத் தாண்டவில்லை.

மறுநாள் தோட்டத்துரை, கிராம சேவகர், இரண்டு சபையின் ஆட்கள் எல்லாரும் வந்தார்கள். எரிந்த நாலு வீட்டுக்கும் தகரம் தருவதாகச் சொன்னார்கள். கிராம சேவகர் ஐந்தாம் வீட்டுக்குள் தலையை நீட்டிப் பார்த்தார்.

"இது எரியலியே. யாரு ஒடைச்சது?"

"நான்தாங்க," என்றார் அக்கா.

"நீங்களேவா? எதுக்கு?"

அக்கா செயலாளர் மேடத்தைப் பார்த்தார். காரணத்தைச் சொன்னால் சபையைக் குற்றம் சொன்னதாகும். அங்கே அவர் நிரந்தர வேலையாளும் இல்லை. சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றார்.

மேடமே கொஞ்சம் கிட்ட வந்தார். "வண்டி வந்துச்சே ஜீவராணி. கொஞ்சம் பொறுத்திருக்கலாம்தானே."

"பவுசர் இல்லைங்க மேடம்," என்றார் அக்கா. குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

மேடம் அந்தக் கூரையில்லாத சுவரைப் பார்த்தார். "தெரியும்," என்றார். "கோயிலுக்குத் தண்ணி இல்லன்னு என்னாலயும் சொல்ல ஏலாமப் போச்சு."

அதற்குப் பிறகு இரண்டு சபையும் மறுபடி கூடி, மழையில்லாத மாதங்களில் பவுசர் எங்கே போனாலும் அந்தப் பக்கத்துக்குச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்று சேர்த்துக்கொண்டார்களாம். ஐந்தாம் வீடு எரிந்ததா, உடைந்ததா என்பது மட்டும் இன்னும் தீரவில்லை. கம்பெனி சபையைக் காட்டுகிறது, சபை கம்பெனியைக் காட்டுகிறது. அழகன் அண்ணன் திருவிழாப் பந்தல் தகரத்தைக் கொண்டுவந்து போட்டு, மேலே கல் வைத்துவிட்டுப் போனார். அதன்பிறகு அவர் அக்காவைக் கேலி செய்வதில்லை. பீலியடியில் பார்த்தால், முதலில் தண்ணீர் பிடிக்கச் சொல்லி ஒதுங்கி நிற்கிறார். கேலி செய்தாலே நன்றாக இருக்கும் என்று அக்கா சொல்கிறார்.

காற்றடித்தால் அந்தத் தகரம் படபடக்கும். சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருக்கிற எனக்கு, அக்கா எழுந்து உட்காருவது கேட்கும்.

காலையில் அவர் உப அலுவலகத்துக்குள் போகுமுன் யார்டை எட்டிப் பார்க்கிறார். பவுசர் நின்றால் ஒன்றுமில்லை. நிற்காவிட்டால் எனக்குப் போன் வரும்.

"தங்கச்சி, இன்னைக்கு அது இல்ல. அடுப்ப வெள்ளனாவே அணைச்சிருங்க. எல்லாருக்கும் சொல்லிருங்க."

இப்போது நானே வீடு வீடாகப் போய்ச் சொல்கிறேன். ஒருவரும் ஏன் என்று கேட்பதில்லை. வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு, உள்ளே போய் அணைத்துவிடுகிறார்கள்.